வட்ஸ்அப்பை வகுப்பறைக்குள் கொண்டுவாங்கோ

"சமூக ஊடகங்களைக் கற்பித்தல் சாதனமாகப் பயன்படுத்தலாமா?" இந்தத் தலைப்பில் வருடத்துக்கு ஒருமுறையாவது எங்கேயோ ஒரு கருத்தரங்கோ பட்டிமன்றமோ நடக்கும். பயன்படுத்தலாம் என்று ஒரு அணி, கூடாது என்று ஒரு அணி, முடிவில் "அளவோடு பயன்படுத்தினால் நன்மையே" என்று நடுவர். எல்லாரும் கைதட்டிவிட்டு வெளியில் வந்து போனைப் பார்த்தால், நாளைய விரிவுரை பிற்போடப்பட்ட செய்தி வட்ஸ்அப் குறூப்பில் வந்து கிடக்கும். பயன்படுத்தலாமா கூடாதா எண்ட கேள்வி முடிஞ்சு கனகாலம். ஒருத்தரும் தீர்மானம் எடுக்காமலே அது நடந்து முடிந்துவிட்டது.

இன்றைக்கு எங்கள் பீடத்தில் பாடத்துக்கு ஒரு குறூப் இருக்கிறது. பட்ச் முழுவதற்கும் ஒரு குறூப், விரிவுரையாளர் இல்லாத இன்னொரு குறூப், அதற்குள் சண்டை வந்து பிரிந்த இன்னுமொரு குறூப். பாடசாலையிலும் இதுதான் நிலைமை. ஆறாம் ஆண்டுப் பிள்ளையின் வீட்டுப்பாடம் அம்மாவின் போனுக்கு வருகிறது. ஆகவே நாங்கள் கேட்க நினைப்பது வேறு கேள்வி: இவ்வளவு காலமாகப் பயன்படுத்துகிறோமே, இதில் கற்பித்தல் எங்கே இருக்கிறது?

எங்கள் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாங்கள் வகுப்பறையைத் தூக்கி வட்ஸ்அப்புக்குள் வைத்திருக்கிறோம். செய்திருக்க வேண்டியது இதன் மறுபக்கம். வட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் டிக்டொக்கிலும் ஒவ்வொரு நாளும் எங்களிடம் வந்து சேருவதை வகுப்பறைக்குள் கொண்டுவந்து, கரும்பலகையில் எழுதி, பாடமாகப் படித்திருக்க வேண்டும்.

கொரோனா விட்டுப்போன பழக்கம்

நாங்கள் சாதாரண தரப் பரீட்சை எழுதியது 2019 டிசம்பரில். 2020 மார்ச் 13ஆம் திகதி பாடசாலைகளை மூடினார்கள். எங்கள் பெறுபேறு ஏப்ரலில் வந்தபோது நாடு ஊரடங்கில் கிடந்தது. உயர்தரத்தைத் தொடங்கியதே போனில்தான். 2022இல் எழுத வேண்டிய உயர்தரப் பரீட்சையை 2023 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் எழுதினோம். பட்ச் முழுக்க அப்படி வந்த ஆக்கள்தான்.

அந்த நாட்களில் ஆசிரியர்கள் செய்ததை நாங்கள் குறைத்துப் பேச மாட்டோம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளம் இருந்தது. தொலைக்காட்சியில் பாடம் போனது. என்றாலும் ஒரு பிள்ளையின் கையில் உண்மையில் போய்ச் சேர்ந்தது வட்ஸ்அப்பில் வந்த குறிப்புத்தான். கையால் எழுதி, படம் எடுத்து, ஒவ்வொரு பக்கமாக அனுப்பினார்கள். விளங்காத கணக்கை வொய்ஸ் மெசேஜில் விளங்கப்படுத்தினார்கள். போனும் அவர்களுடையது, டேட்டாவும் அவர்களுடையது.

ஆனால் அந்த ஏற்பாடு எதன்மேல் நின்றது என்பதையும் நாங்கள் கண்டோம். பல்கலைக்கழக மாணவர்களுக்கு லேர்ன் வலையமைப்பினூடாக சூம் விரிவுரைகளுக்கு டேட்டாச் செலவு இல்லாத ஒரு வழி செய்யப்பட்டது. வட்ஸ்அப்பில் வந்த பள்ளிப் பாடத்துக்கு வீட்டார்தான் ரீலோட் போட்டார்கள். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு போன். அந்தப் போனும் அப்பா வேலையால் வந்த பிறகுதான் கைக்கு வரும். அண்ணாவுக்கு உயர்தரம் என்றால் தங்கச்சியின் எட்டாம் ஆண்டு பின்னுக்குப் போகும். மலையகத்தில் சிக்னல் பிடிக்கிற மேட்டைத் தேடிப் போன கதை எங்கள் பட்சிலேயே பல பேரிடம் இருக்கிறது. பதுளை மாவட்டத்தில் பொகிதியாவ என்ற கிராமத்தில் பிள்ளைகளும் ஆசிரியரும் சிக்னலுக்காகக் காட்டுவழியே நடந்து பாறையில் ஏறிய செய்தி 2021இல் வெளிநாட்டுப் பத்திரிகைகளில்கூட வந்தது. அதைப் பார்த்து "என்ன ஒரு ஆர்வம்!" என்று பகிர்ந்தவர்களே அதிகம். ஒரு பிள்ளை பாடம் படிக்க ஏன் பாறையில் ஏற வேண்டும் என்று கேட்டவர்கள் குறைவு.

அதே வருடம் ஜூலையில் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரியர், அதிபர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. ஆசிரியர்கள் தங்கள் போனைக் கீழே வைத்ததும் நாட்டின் இணையக் கல்வி அப்படியே நின்றது. அந்தக் கல்வி முழுக்க அவர்களின் சட்டைப்பையிலும் கைப்பையிலும் இருந்தது எண்டது அப்பதான் கனபேருக்கு விளங்கினது.

இன்னொன்றும் நடந்தது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு வரைக்கும் போனோம். ஏப்ரல் 3ஆம் திகதி அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. அன்றே திரும்பத் திறந்தார்கள் என்றாலும், அது முதல் தடவை இல்லை. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போது ஏறக்குறைய ஒரு வாரம், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு சில நாட்கள் என்று முன்பே முடக்கியிருக்கிறார்கள். 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி பேஸ்புக் நிறுவனத்தின் சொந்தக் கோளாறினால் வட்ஸ்அப் உலகம் முழுவதும் பல மணித்தியாலம் படுத்துவிட்டது. ஒரு உத்தரவில் மூடக்கூடிய, ஒரு கோளாறில் காணாமல்போகக்கூடிய இடத்தில் நாங்கள் பாடசாலையைக் கட்டி வைத்திருக்கிறோம்.

கொரோனா போனது. பாடசாலை திறந்தது. குறூப் மட்டும் போகவில்லை. பெரும்பாலான பாடசாலைகளில் பிள்ளைகள் போன் கொண்டு வரக்கூடாது. ஆனால் வீட்டுப்பாடம் போனுக்குத்தான் வரும். இந்த முரணை ஒருவரும் முரணாகவே பார்ப்பதில்லை.

தபால்காரரும் வாத்தியாரும்

ஒரு பாடக் குறூப்பைத் திறந்து மேலிருந்து கீழே வாசித்துப் பாருங்கோ. ஒரு பி.டி.எவ். அதற்குக் கீழே நாற்பது "நன்றி சேர்". திகதி மாற்றம். அதற்குக் கீழே நாற்பது கட்டைவிரல். இன்னொரு பி.டி.எவ். ஒரு பிறந்தநாள் வாழ்த்து. ஒரு மரண அறிவித்தல். பாடத்தைப் பற்றிய ஒரு கேள்வி? தேடித்தான் பார்க்க வேண்டும்.

இது நல்லதொரு தபால் சேவை. இல்லையெண்டு சொல்லேலாது. போட்டோக்கொப்பிக் கடையில் வரிசையில் நின்ற காலத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். ஆனால் தபால்காரர் கடிதத்தைக் கொண்டுவந்து தந்தார் என்பதற்காக அவரை வாத்தியார் என்று நாங்கள் கூப்பிடுவதில்லைதானே. பி.டி.எவ் வந்து சேர்ந்ததும் "பாடம் போட்டாச்சு" என்று ஆசிரியரும் நினைக்கிறார், "பாடம் கிடைச்சிட்டுது" என்று நாங்களும் நினைக்கிறோம். அந்த பி.டி.எவ் திறக்கப்படாமலே பரீட்சைக்கு முதல்நாள் வரைக்கும் கிடக்கும்.

ஏன் ஒருவரும் கேள்வி கேட்பதில்லை? வகுப்பில் ஒரு மாணவி முகத்தைச் சுளித்தாலே நல்ல ஆசிரியர் நின்று, "என்ன பிள்ளை, விளங்கேல்லையா?" என்று கேட்பார். குறூப்பில் முகம் இல்லை. நீல நிற டிக் மட்டும்தான். பார்த்தாயிற்று என்று அது சொல்லும். விளங்கியதா என்று சொல்லாது. வகுப்பில் கேட்ட பிழையான கேள்வி அந்த நாற்பது நிமிடத்தோடு காற்றில் போய்விடும். குறூப்பில் கேட்ட கேள்வி எழுத்தில் நிற்கும். நூற்றிருபது பேர் பார்ப்பார்கள். அதில் யாரோ ஒருவர் ஸ்கிரீன்ஷொட் எடுத்து மற்றக் குறூப்பில் போட்டுச் சிரிப்பார். தமிழில் டைப் பண்ணத் தெரியாதவருக்கு வெட்கம். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினால் ஆசிரியர் ஏதும் சொல்வாரோ என்ற பயம். அதனால் "ஓகே சேர்" என்பதே பாதுகாப்பான பதில்.

பெண்பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு கணக்கு இருக்கிறது. சாதாரண குறூப்பில் சேர்ந்தால் அங்கே இருக்கிற எல்லாருக்கும் இலக்கம் தெரியும். பாடத்துக்காகச் சேர்ந்த குறூப்பிலிருந்து இலக்கத்தை எடுத்து இரவு பதினொரு மணிக்கு "ஹாய்" அனுப்புகிறவர்கள் எங்கள் நடுவிலேயே இருக்கிறார்கள். ப்ரொபைல் படத்தைப் பூவுக்கு மாற்றுவதும், வேறு சிம் போடுவதும், குறூப்பைவிட்டு விலகிப் பாடக்குறிப்பைத் தோழியிடம் கேட்டு வாங்குவதும் எங்கள் பட்சில் சர்வசாதாரணம். வகுப்பறைக்குள் போவதற்கு ஒரு மாணவி தன் தொலைபேசி இலக்கத்தைக் கதவில் எழுதி ஒட்ட வேண்டும் என்று யாராவது சட்டம் போட்டால் ஒத்துக்கொள்வோமா?

நேரமும் அப்படித்தான். ஒப்படை நாளைக் காலை எட்டு மணிக்கு வேண்டும் என்று இரவு பத்தரைக்குச் செய்தி வரும். ஆசிரியருக்கும் இதே கதைதான். இரவு ஒரு மணிக்குப் பெற்றோரிடமிருந்து "மிஸ், பிள்ளை இன்னும் எழுதி முடிக்கேல்லை" என்று செய்தி. மணியடித்தால் முடிகிற பாடசாலை எங்களுக்கு ஒரு காலத்தில் இருந்தது. இப்போது மணி அடிப்பதே இல்லை.

மறுபக்கமும் இருக்கு

இவ்வளவும் சொல்வதால் நாங்கள் சமூக ஊடகமே வேண்டாம் என்கிற கட்சி என்று நினைக்க வேண்டாம். ரியூசனுக்குக் காசு கட்ட வழியில்லாத வீட்டிலிருந்து வந்தவர்கள் எங்களில் பலர். யூடியூபில் தமிழில் இலவசமாகப் பாடம் போட்ட ஆசிரியர்கள் இல்லாவிட்டால் சிலர் இந்தப் படலைக்குள்ளேயே வந்திருக்க மாட்டார்கள். விளங்காத இடத்தை நிறுத்தி, பின்னுக்குப் போய், பத்துத் தரம் கேட்கலாம். அந்தப் பொறுமை எந்த மனிதருக்கும் வராது. பகலில் கடையில் நின்று இரவில் படிக்கிற வெளிவாரி மாணவருக்கு அது பெரிய உதவி. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் எங்கள் ஊர்களின் பழைய மலர்களும் சஞ்சிகைகளும் வாசிக்கக் கிடக்கின்றன என்பதே எங்களில் பலருக்கு யாரோ பேஸ்புக்கில் போட்ட இணைப்பால்தான் தெரியவந்தது.

தடை செய்வதும் ஒரு வழி என்று சில நாடுகள் நினைக்கின்றன. பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தை அவுஸ்திரேலியா 2024 நவம்பரில் நிறைவேற்றியது. அது எங்களுக்குச் சரிவருமா என்பது வேறு விவாதம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கோ. தடை செய்தாலும் பதினாறு வயதுப் பிறந்தநாள் வரும். அன்றைக்கு அந்தப் பிள்ளை ஒன்றும் தெரியாமல் அதற்குள் இறங்கும். நீந்தத் தெரியாத பிள்ளையைக் குளத்தடிக்குப் போகாதே என்று எத்தனை வயது வரைக்கும் சொல்லலாம்?

அதனால்தான் நாங்கள் நீச்சல் பழக்குவதைப் பற்றிப் பேசுகிறோம்.

ஒரு கிரகித்தல் பாடம்

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. கறிக்குள் ஏதோ ஒரு கட்டி கிடந்ததாக வாடிக்கையாளர்கள் சத்தம் போட்டார்கள். கருத்தடை மாத்திரை கலந்திருக்கிறாயா என்று சிங்களத்தில் கேட்டார்கள். சிங்களம் சரியாக விளங்காத கடைக்காரர், சூழ நின்ற கூட்டத்தின் நடுவில், ஓம் என்பதுபோலப் பதில் சொன்னார். அதை வீடியோ எடுத்தார்கள். "ஒத்துக்கொண்டான்" என்று அது பேஸ்புக்கில் பரவியது. அன்றிரவே அம்பாறையில் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அடுத்த வாரம் தெல்தெனியவிலும் திகனவிலும் வேறொரு சம்பவத்தைத் தொடர்ந்து பெரும் வன்முறை வெடித்தபோது, அந்த வீடியோ மூட்டிய வெறுப்பு ஏற்கெனவே ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்திருந்தது. வீடுகளும் கடைகளும் எரிந்தன; உயிர்களும் போயின. அந்தக் கட்டியைப் பரிசோதித்த அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் அது வெறும் மாவுக்கட்டி என்றது. உணவில் போட்டு ஒருவரை நிரந்தரமாக மலடாக்கக்கூடிய அப்படியொரு மாத்திரையே கிடையாது என்று மருத்துவர்களும் சொன்னார்கள். 2018இல் தன் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்காக பேஸ்புக் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது.

அந்த வருடம் நாங்கள் பத்தாம் ஆண்டைத் தாண்டாத பிள்ளைகள். தமிழ்ப் பாடத்தில் கிரகித்தல் செய்தோம், சுருக்கம் எழுதினோம். குடியியலில் சகவாழ்வு படித்தோம். சுகாதாரத்தில் இனப்பெருக்கத் தொகுதி படித்தோம். இந்தச் சம்பவத்தை விளங்கிக்கொள்ளத் தேவையான எல்லாப் பாடமும் நேரசூசியில் இருந்தது. ஆனால் ஒரு வகுப்பிலும் அந்த வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தை பேசப்படவில்லை. "அதெல்லாம் அரசியல், பாடத்தைப் பாருங்கோ" என்பதோடு சரி. அந்த வீடியோ பாடசாலை வாசலைத் தாண்டிப் பிள்ளைகளின் போனுக்குள் முன்பே வந்திருந்தது. அதைப்பற்றிய பேச்சு மட்டும் வாசலில் நிறுத்தப்பட்டது.

கிரகித்தலுக்கு எங்களுக்குக் கிடைக்கும் பந்தி எப்போதும் ஒரு நல்ல எழுத்தாளருடையதாக இருக்கும். அது வேண்டும். அதோடு, மாதத்தில் ஒரு நாள், யாரோ பெயர் தெரியாதவர் எழுதி ஆயிரம் பேர் போர்வர்ட் பண்ணிய ஒரு செய்தியையும் பந்தியாகத் தந்தால் என்ன? அதற்குப் போன் தேவையில்லை. புரொஜெக்டர் தேவையில்லை. ஆசிரியர் அதைக் கரும்பலகையில் எழுதினால் போதும். நாற்பது நிமிடப் பாடவேளைக்கு ஐந்து கேள்விகள்:

இதை முதலில் சொன்னது யார், பெயர் இருக்கிறதா?
இதில் எது நடந்த விடயம், எது எழுதியவரின் கருத்து?
எந்தப் பகுதி வெட்டப்பட்டிருக்கலாம். இதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்திருக்கும்?
வாசித்தவுடன் எங்களுக்கு என்ன உணர்வு வருகிறது. அந்த உணர்வு யாருக்குத் தேவை?
இது பொய்யாக இருந்தால் அடி விழுவது யாருடைய வீட்டில்?

கடைசிக் கேள்விதான் எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. "உண்மையா பொய்யா" என்று கண்டுபிடிக்க எல்லா நேரமும் எல்லாருக்கும் முடியாது. அம்பாறை வீடியோ போலியானதும் அல்ல. அந்த மனிதர் உண்மையிலேயே ஓம் என்பதுபோலத்தான் சொன்னார். படத்தில் இருப்பது நடந்ததா என்று மட்டும் பார்க்கப் பழகிய பிள்ளை அதை நம்பியிருக்கும். அந்த மனிதருக்கு அந்த மொழி தெரியுமா, அவரைச் சுற்றி எத்தனை பேர் நின்றார்கள் என்று கேட்கப் பழகிய பிள்ளை ஒரு நிமிடம் நின்றிருக்கும். தமிழ் மட்டும் தெரிந்து சிங்களக் காரியாலயத்தில் தலையாட்டிக் கையெழுத்துப் போட்ட அனுபவம் எங்கள் வீடுகளில் யாருக்கு இல்லை? அந்தக் கடைக்காரரின் "ஓம்" எப்படிப்பட்டது என்று விளங்க எங்களுக்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஆனால் அதை யாராவது ஒருவர் வகுப்பில் எடுத்துக் கேட்க வேண்டும்.

எங்கட ஆக்களின்ர பொய்யும்

மற்ற ஆக்களின்ர பொய்யைப் பிடிக்கிறது லேசு. சிங்களப் பேஸ்புக் பக்கங்கள் எங்களைப் பற்றிப் போடுகிற பொய்யைத் தமிழ் வகுப்பில் பிய்த்துப் போட்டால் எல்லாரும் மகிழ்ச்சியாகக் கைதூக்குவோம். பாடம் அங்கேயே நின்றால் அது பாடம் இல்லை.

எங்கள் குறூப்புகளில் வருவதைப் பார்ப்போம். காதலித்து ஊரைவிட்டுப் போன பெண்பிள்ளையின் படமும் முகவரியும் "எல்லா குறூப்புக்கும் அனுப்புங்கள்" என்று வரும். கிழக்கில் தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கு இடையில் ஒரு காணிப் பிரச்சினை வந்தால் இரண்டு பக்கத்திலும் பழைய படங்கள் புதுத் தலைப்போடு சுற்றும். கோயில் பிரச்சினை ஒன்றில் கீழே வரும் கொமென்டுகளை வாசித்தால், சாதி இப்ப எங்க இருக்கு என்று கேட்கிறவர்களுக்குப் பதில் அங்கேயே கிடைக்கும். மழை வெள்ளம் வந்தால் எந்த நாட்டிலோ எடுத்த வீடியோ எங்கள் குளம் உடைந்ததாக வந்து சனத்தை இரவோடிரவாக ஓட வைக்கும். மருந்துச் செய்திகளைச் சொல்லவே வேண்டாம். 2020 டிசம்பரில் கேகாலையில் கொரோனாவுக்கு என்று ஒருவர் காய்ச்சிய பாணிக்காக ஆயிரக்கணக்கானவர்கள் ஊரடித்து வந்து நின்றதை நாடே பார்த்தது. அதைப் பார்த்துச் சிரித்த எங்கள் வீட்டுக் குறூப்புகளில் இஞ்சியும் உள்ளியும் கொரோனாவை விரட்டும் என்று காலை மாலை வந்தது.

இவை எல்லாமே பாடப்பொருள். வெள்ள வீடியோ புவியியலுக்கு. பாணி விஞ்ஞானத்துக்கு. பெண்பிள்ளையின் படம் குடியியலுக்கு. கொமென்டுகளின் மொழி தமிழுக்கு: அங்கே ஒருவரைத் திட்டாமல் மறுத்து எழுதத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கோ. கட்டுரை எழுத எங்களுக்குப் பதினொரு வருடம் பழக்கினார்கள். நாங்கள் நாள்தோறும் எழுதுவது கொமென்ட். அதை எழுத ஒருவரும் பழக்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் இன்னும் ஒரு படி போகலாம். நாங்கள் எழுதும் ஒப்படை ஒருவர் வாசித்து, புள்ளி போட்டு, அலுமாரிக்குள் போகிறது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதைத் தொடக்க காலத்தில் கட்டியெழுப்பியவர்களில் முதன்மையானவர் இ. மயூரநாதன், யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒரு கட்டடக்கலைஞர். சம்பளத்துக்கு அவர் அதைச் செய்யவில்லை. ஒரு பருவத்தில் ஒரு ஒப்படையை மட்டும், எங்கள் ஊரைப் பற்றியோ எங்கள் பாடத்தில் ஒரு கருத்தைப் பற்றியோ, அங்கே கட்டுரையாக எழுதச் சொன்னால் என்ன நடக்கும்? ஆதாரம் இல்லாத வசனத்தை முன்பின் தெரியாத ஒருவர் வந்து "சான்று தேவை" என்று குறிப்பார். எந்த விரிவுரையும் கற்பிக்காத பாடத்தை அது ஒரே நாளில் கற்பிக்கும். எழுதியது அடுத்த வருடம் உயர்தரம் படிக்கிற ஒரு பிள்ளைக்கும் உதவும்.

நாங்கள் கேட்பது

இதற்குப் புதிய செயலியும் வேண்டாம், வெளிநாட்டு நிதியும் வேண்டாம். சில விடயங்களை ஒழுங்குபடுத்தினால் போதும்.

குறூப் தபாலாகவே இருக்கட்டும். ஆனால் அதில் மட்டும் போட்ட அறிவித்தல் அறிவித்தல் ஆகாது. அறிவித்தற் பலகையிலும் வர வேண்டும். போன் இல்லாத பிள்ளை, போன் உடைந்த பிள்ளை, அந்த மாதம் ரீலோட் போட முடியாத பிள்ளை பாடத்தைத் தவறவிடக் கூடாது. வட்ஸ்அப்பில் "பிரசன்ட்" போட்டு வரவு எடுக்கிற பழக்கம் நிற்க வேண்டும்.

இலக்கம் வெளியில் போகாத வழிகள் அதே வட்ஸ்அப்பில் இருக்கின்றன. கம்யூனிட்டி என்ற வசதியில் அறிவித்தலை மட்டும் அனுப்பலாம். உறுப்பினர்களின் இலக்கம் ஒருவருக்கொருவர் தெரியாது. இதை அமைக்க ஐந்து நிமிடம் போதும். மாலை ஏழு மணிக்குப் பிறகு பாடச் செய்தி இல்லை என்று ஒரு உடன்பாடும் வேண்டும். அது ஆசிரியரையும் காப்பாற்றும். பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குக் கணக்குத் திறக்க இந்த நிறுவனங்களின் விதியே இடம்கொடுப்பதில்லை. ஆகவே அந்த வகுப்புகளுக்குப் பிள்ளையின் பெயரில் குறூப் திறப்பதையே விட வேண்டும்.

கடைசியாக, ஆசிரியர்களுக்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவுக்கு நிர்வாகத்தின் பாதுகாப்பு வேண்டும். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் அந்த வருடம் பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. "பொய்யான கூற்று" என்பதற்கு அது தரும் விளக்கம் மிக அகலமானது என்று உரிமை அமைப்புகள் தொடர்ந்து சொல்லிவருகின்றன. பேஸ்புக் பதிவு ஒன்றை வகுப்பில் எடுத்தால் யார் என்ன முறைப்பாடு கொடுப்பார்களோ என்று ஒரு கிராமத்து ஆசிரியர் யோசிப்பது நியாயம். அவரைத் தனியே விட்டுவிட்டு "ஊடக எழுத்தறிவு" என்று செயலமர்வு வைப்பதில் பயன் இல்லை. அதிபரும் வலயக் கல்வி அலுவலகமும் "எடுங்கோ, நாங்கள் இருக்கிறம்" என்று சொல்ல வேண்டும். எது பொய் என்று ஒரு ஆணைக்குழு எங்களுக்குச் சொல்லித் தருவதைவிட, அதைக் கேட்டுக் கண்டுபிடிக்க ஒரு வகுப்பு பழகிக்கொள்வது நாட்டுக்குப் பாதுகாப்பு.

நாங்கள் கலைப்பீடத்து ஆக்கள். "இதைப் படிச்சு என்ன வேலை எடுக்கப்போறியள்?" என்று எங்களைக் கேட்காத சொந்தக்காரர் இல்லை. ஒரு கூற்றை வைத்துக்கொண்டு, யார் சொன்னது, யாருக்குச் சொன்னது, எதை மறைத்துச் சொன்னது என்று கேட்பதுதான் நாங்கள் இங்கே படிக்கிற தொழில். எங்களில் பாதிப் பேர் இன்னும் சில வருடங்களில் நியமனம் கிடைத்து ஏதாவது ஒரு பாடசாலையில் சோக்குக்கட்டியோடு நிற்கப் போகிறோம். அங்கேயும் ஒரு குறூப் இருக்கும். எங்களையும் அட்மின் ஆக்குவார்கள். பி.டி.எவ்வை அனுப்பிவிட்டுப் பாடம் முடிந்தது என்று நாங்களும் இருந்துவிடலாம்.

அதற்கு முதல், இதை வாசிக்கிற ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த வாரம் ஒரேயொரு பாடவேளை. உங்கள் போனுக்கு வந்த ஒரு போர்வர்டைத் தெரிவு செய்து, பெயர் இலக்கங்களை அழித்துவிட்டு, கரும்பலகையில் எழுதுங்கோ. எழுதிவிட்டுப் பதில் சொல்லாமல் நில்லுங்கோ. பிள்ளைகள் கதைக்கத் தொடங்குவினம்.